கூரை போனால் பலம் போகுமா?

மேலே வானம், கீழே வீதி, இடையிலே இருவர் மட்டும் அமரக்கூடிய ஒரு சிறிய வண்டி. காற்று முகத்திலே மோத, மடித்து வைத்த துணிக்கூரை பின்னாற் கிடக்க, வளைந்த பாதையிலே வழுக்கிச் செல்லும் அந்தத் திறந்த மோட்டார்க் காரைக் கண்டு ஒரு கணமேனும் ஆசை கொள்ளாத இளைஞர் மிகச் சிலரே. முதியவர்களும் ஆசை கொள்வதுண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால், கூரையைத் துறந்த வண்டி அதற்காக ஒரு விலை கொடுத்தே ஆகவேண்டும். அந்த விலை யாது, அதனைத் திருப்பிப் பெறுவதற்காகக் கைவேலையில் விருப்புடையோர் தம் வீட்டுக் கராஜுகளிலே என்ன செய்கின்றனர், எங்கே வெற்றி பெறுகின்றனர், எங்கே தவறுகின்றனர் என்பனவற்றை இவ்வாரம் ஆராய்வோம். விளையாட்டுக் கார் வைத்திருப்போருக்கு மாத்திரம் உரிய விஷயம் இது என்று கருதி ஏனையோர் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கேத்திரகணிதமும் பௌதிகமும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் இவ்விஷயத்துக்கு இடமுண்டு. பரிசோதனைக்கு வேண்டிய பொருள்களும் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி, நான்கைந்து ஐஸ்பழக் குச்சிகள், கொஞ்சம் கடதாசி என்பனவே.

மூடாத கதவு

இங்கிலாந்திலே அபிங்டன் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்ற பெயருடைய விளையாட்டுக் கார் செய்யப்பட்டது. அதன் திறந்த வகையில் மட்டும் இலட்சக்கணக்கான வண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றை வாங்கிப் பழுதுபார்ப்பது அந்நாட்டிலே பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. தந்தையும் மகனும், அல்லது அயலவர் இருவர், சனிக்கிழமைதோறும் கராஜுக்குள்ளே புகுந்து, கையிலும் முகத்திலும் எண்ணெய் பூசிக்கொண்டு வெளிவருவார்கள்.

அந்த வண்டியின் பரம வைரி கறள். மழையும், பனிக்காலத்திலே வீதியில் தூவும் உப்பும் சேர்ந்து, கதவின் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீண்டு செல்லும் பெட்டி போன்ற சட்டத்தை அரித்துவிடும். கதவடிச் சட்டம் என்று அதனை அழைப்போம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு மறைப்புத் தகடு என மூன்று தகடுகள் சேர்ந்து அமைந்தது அது. கறள் தின்ற பாகத்தை வெட்டியெறிந்து புதுத் தகட்டை உருக்கி ஒட்டவேண்டும்.

அனுபவமில்லாத ஒருவர் இவ்வேலையைத் தொடங்குகின்றார் என்று கொள்வோம். வண்டியின் இரு முனைகளையும் தாங்கிகளின்மேல் ஏற்றுகின்றார். கதவைக் கழற்றி ஒரு மூலையிற் சாத்துகின்றார். கறள் பிடித்த சட்டத்தை வெட்டுகின்றார், புதியதை வைத்து அழகாக ஒட்டுகின்றார், வர்ணமும் பூசுகின்றார். பல வாரங்களின் பின்னர், வேலை முடிந்த மகிழ்ச்சியிலே கதவைக் கொண்டுவந்து மாட்டுகின்றார். கதவு மூடவில்லை! கதவு வாயிலின் மேற்பக்கம் குறுகிப்போயிற்று. கதவைச் சீவினாலும் பயனில்லை. பிணைச்சலை மாற்றினாலும் பயனில்லை. ஏனெனில், குற்றம் கதவிலே இல்லை. வண்டியே நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை ஒட்டியபடியால், அந்தத் தொய்வு இனி நிரந்தரம். பல மாத உழைப்பும் பணமும் வீண். ஒட்டிய இடங்களை மீண்டும் அறுத்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்துணைப் பெரிய இரும்பு வண்டி, கதவின் கீழே ஒரு சட்டத்தை வெட்டியவுடன் தொய்வானேன்? இக்கேள்விக்கு விடை கண்டால் நமது விஷயத்தின் திறவுகோல் கைக்கு வந்துவிடும்.

சப்பாத்துப் பெட்டி சொல்லும் பாடம்

ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து, மூடியைச் சுற்றிவர நன்றாக ஒட்டிவிடுங்கள். இரு கைகளாலும் இரு முனைகளைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். அது எளிதில் இணங்காது. இனி மூடியை நீக்கிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். முன்னே அவ்வளவு வீறாப்புடன் நின்ற பெட்டி இப்பொழுது துவண்டு போகின்றது. பெட்டியின் மட்டை மாறவில்லை. அதன் தடிப்பும் மாறவில்லை. மூடி ஒன்று போயிற்று. உறுதியிற் பெரும்பங்கு அதனோடு போயிற்று.

கூரையுள்ள கார் மூடிய பெட்டி. கூரையற்ற கார் மூடியில்லாப் பெட்டி. வீதியிலே ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்க, மறுபக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டியின் உடல் ஈரத்துணியைப் போலவே முறுக்கப்படுகின்றது. கூரையுள்ள வண்டியில் இந்த முறுக்கத்தை அடித்தளம், பக்கங்கள், தூண்கள், கூரை யாவும் பகிர்ந்து தாங்குகின்றன. கூரையை எடுத்துவிட்டால், தாங்கும் பொறுப்பு முழுவதும் அடித்தளத்தின்மேலும் கதவடிச் சட்டங்களின்மேலும் விழுகின்றது. எம்.ஜி.பி. காரிலே கதவடிச் சட்டம் அலங்காரத் தகடன்று; அதுவே அவ்வண்டியின் முதுகெலும்பு. முதுகெலும்பை வெட்டியபின் உடல் நிமிர்ந்து நிற்குமா?

உடல் துவளும் வண்டியில் அமர்ந்து செல்வோர் அதனை நன்கு உணர்வர். கரடுமுரடான வீதியிலே முன் கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் நடுங்கும், ஸ்டியரிங் சக்கரம் கையிலே துடிக்கும், கதவுகள் முனகும். இதனால் வருந்துவது காது மாத்திரமன்று. சக்கரங்களைத் தாங்கும் விற்சுருள்களும் அதிர்வு தாங்கிகளும், தாம் பொருத்தப்பட்ட உடல் அசையாது நிற்கும் என்ற நம்பிக்கையின்மேல் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. அந்த உடலே ஒரு வில்லைப்போல வளைந்தால், ரயர்கள் வீதியைப் பற்றும் விதம் ஓட்டுபவரின் எதிர்பார்ப்புக்கு மாறாகிவிடும். அன்றியும், ஓயாது முன்னும் பின்னும் வளையும் தகடு ஒருநாள் களைத்து வெடிக்கும். கம்பியை விரல்களால் மடித்து மடித்து முறிப்பது நாம் எல்லோரும் சிறுவயதிற் செய்த வேலைதானே!

அறிஞர் கண்ட வழிகள்

ஆதியிலே மோட்டார் வண்டிகளுக்கு ‘சஸி’ என வழங்கும் தனியான அடிச்சட்டம் இருந்தது. ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற அந்தச் சட்டத்தின்மேல் உடற்பகுதி வேறாக ஏற்றப்பட்டது. ஏணி பாரத்தைத் தாங்கும். ஆனால் முறுக்கத்தைத் தாங்குவதில் அது மிகவும் பலவீனமானது. இத்தாலியரான வின்சென்ஸோ லான்சியா 1922ஆம் ஆண்டு வெளியிட்ட லாம்டா என்ற காரில் அந்த ஏணியை நீக்கினார். கப்பலின் உடலைப் போல வண்டியின் உடலே பாரத்தைத் தாங்குமாறு செய்தார். அதுவும் திறந்த வண்டிதான்! கூரையின் உதவியின்றி அவர் அதனைச் சாதித்தது எங்ஙனம்? பக்கச் சுவர்களை ஆழமாக வைத்தார்; கதவு வாயில்களைச் சிறிதாகவே வெட்டினார்; இருக்கைகளின் பின்புறங்களைக் குறுக்குச் சுவர்களாக்கினார்.

நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1962இல், இங்கிலாந்தின் கொலின் சப்மன் நடத்திய லோட்டஸ் நிறுவனம் எலான் என்னும் காரை வெளியிட்டது. அதிலே வழி வேறு. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உருக்குத் தகட்டினால் ஆன ஒரு மூடிய பெட்டிக்குழாய் முதுகெலும்பாக ஓடிற்று. அதன் இரு முனைகளும் கவர்போலப் பிரிந்து சக்கரங்களைத் தாங்கின. கண்ணாடி நாரினால் ஆன மெல்லிய உடல் அதன்மேல் அமர்ந்தது. 1996இல் அதே நிறுவனம் வெளியிட்ட எலீஸ் காரிலோ அலுமினியச் சட்டங்கள் பசையினால் ஒட்டப்பட்டிருந்தன. கதவடிச் சட்டங்கள் மிக உயரமாகவும் அகலமாகவும் இருந்தன. அதனுள்ளே ஏறியிறங்குவது ஒரு தேகப்பயிற்சி என்று சொல்லலாம். ஆயினும், அந்த உயரமே அதன் உறுதிக்குக் காரணம்.

நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணக்கூடிய மொறிஸ் மைனர் காரை யாவரும் அறிவர். 1948இல் வெளிவந்த அவ்வண்டியில் திறந்த வகையும் செய்யப்பட்டது. அத்திறந்த வகைக்குத் தொழிற்சாலையிலேயே அடித்தளத்திலும் கதவுத் தூண்களிலும் மேலதிக வலுத்தகடுகள் பொருத்தினர். பிற்காலத்திலே கூரையுள்ள மொறிஸ் மைனரை வாங்கிக் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கப் பலர் முனைந்தனர். வலுத்தகடுகளையும் சேர்த்தவர்கள் பிழைத்தனர். வாளை மாத்திரம் நம்பியவர்களின் வண்டி ஆபத்தான வண்டியாயிற்று.

இவற்றுக்கெல்லாம் பொதுவான உண்மை ஒன்றுண்டு. இரும்பைக் குவிப்பதால் உறுதி வருவதில்லை. திறந்திருப்பதை மூடுவதாலும், நாற்கோணத்தை முக்கோணமாக்குவதாலுமே வருகின்றது. இந்த இரண்டு வாக்கியங்களையும் மனத்திற் பதித்துக்கொண்டால் மேலே சொல்லப்போவன யாவும் எளிதாகும்.

குழாயும் குச்சியும்

முதலில், மூடுதல். ஒரு தடித்த கடதாசியைக் குழாயாகச் சுருட்டி, விளிம்புகளை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள். பின்னர் விளிம்புகளை முழு நீளத்துக்கும் பசையிட்டு ஒட்டி முறுக்கிப் பாருங்கள். வேறுபாடு வியப்பைத் தரும். கணக்கிலே சொல்வதானால், 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள உருக்குக் குழாய் ஒன்றை நீளவாட்டில் ஒரு கோடு கிழித்ததுபோல அறுத்துவிட்டால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் ஆற்றல் 400 பங்கில் ஒரு பங்கிலும் கீழாகக் குறைந்துவிடும். நிறை குறையவில்லை, கண்ணுக்குக் குழாயாகவே தெரிகின்றது, ஆனால் குணம் போய்விட்டது. கறள் தின்ற கதவடிச் சட்டத்துக்கு நேர்வதும் இதுவே.

அடுத்து, முக்கோணம். நான்கு ஐஸ்பழக் குச்சிகளை மூலைகளிலே குண்டூசியாற் குத்திச் சதுரமாக்குங்கள். பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்து சரிவாகும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஐந்தாவது குச்சி ஒன்றைப் பொருத்துங்கள். (மூலைவிட்டம் பக்கத்திலும் நீளமாதலால், இதற்கு மட்டும் நீண்ட குச்சி வேண்டும்.) இனிச் சதுரம் அசையாது. வளவுப் படலையைச் செய்யும் தச்சர் அதன் குறுக்கே சாய்வாக ஒரு சலாகை அடிப்பதும் இதன்பொருட்டே. அச்சலாகை இல்லாத படலை சில மாதங்களில் நிலத்தை உழத் தொடங்கிவிடும்.

கராஜிலே செய்யும் வேலைகள்

இனி வீட்டிலே வலுச்சட்டம் செய்வோரின் வேலைகளைப் பார்ப்போம்.

ஒன்று: என்ஜினுக்கு மேலாக, இரு முன் சக்கரங்களின் விற்சுருள்கள் உடலைத் தொடும் மேற்பிடிகளை ஒரு குறுக்குச் சட்டத்தினால் இணைப்பது. இது செய்ய எளிது, பார்வைக்கும் அழகு. ஆகவே பலர் முதலிலே இதனையே செய்கின்றனர். ஆனால், இது அந்த இரு பிடிகளும் ஒன்றையொன்று நெருங்காமலும் விலகாமலும் தடுக்குமேயன்றி, வண்டி முழுவதும் முறுகுவதை அதிகம் தடுக்காது. என்ஜின் இடையிலே மறிக்கின்றது என்று சட்டத்தை வளைத்துச் செய்வோரும் உளர். வளைந்த சட்டம் வில். நேரான சட்டமே தூண்.

இரண்டு: அடித்தளத்தின் கீழே மூலைவிட்டமாக இரு சட்டங்களைப் பெருக்கற்குறி வடிவிற் பொருத்துவது. 1989இல் வெளிவந்த யப்பானிய மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற திறந்த காரில் இவ்வேலை பெரிதும் வழக்கமாயிற்று. அக்காரின் அடியிலே நீளவாட்டில் ஓடும் இரு தகட்டுச் சட்டங்கள் மெல்லியவை. இடமறியாமல் ‘ஜக்’ வைத்து உயர்த்தினாலே நசுங்கக்கூடியவை. அவற்றை வலுப்படுத்தி இடையிலே மூலைவிட்டச் சட்டங்களும் பொருத்தும்போது, ஐந்தாவது ஐஸ்பழக் குச்சியின் வேலை அங்கே நடைபெறுகின்றது.

மூன்று: நடுவே ஓடும் சுரங்கம். என்ஜினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டுக்காக அடித்தளம் நடுவிலே வளைந்து உயர்ந்திருக்கும். அதன் கீழ்வாய் திறந்தது. அவ்வாயைக் குறுக்குத் தகடுகளால் ஆங்காங்கே மூடி இறுக்கினால், அறுத்த குழாய் ஓரளவு முழுக்குழாயாகின்றது. செலவு குறைந்த வேலை. பலனோ செலவை மிஞ்சியது.

நான்கு: இருக்கைகளின் பின்னே குறுக்குச் சுவர் அமைப்பது. சப்பாத்துப் பெட்டியின் நடுவே ஒரு மட்டைத் துண்டைச் செங்குத்தாக ஒட்டிப் பார்த்தால் அதன் பயன் விளங்கும். லான்சியா 1922இல் கண்ட வழியும் இதுவே.

ஐந்து: கதவடிச் சட்டம். எல்லாவற்றிலும் கடினமானதும் எல்லாவற்றிலும் பயனுடையதும் இது. இவ்விடம் கறள் பிடித்திருக்க, மேலே பளபளக்கும் சட்டங்களைப் பூட்டுவது, சுவர் இடிந்த வீட்டுக்கு வாசலிலே தோரணம் கட்டுவதை ஒக்கும். கதவடிச் சட்டத்தை வெட்டுமுன்னர், கதவின் முன்தூணையும் பின்தூணையும் ஒரு நேர்ச் சட்டத்தால் இறுகப் பிணைத்துவிட வேண்டும். கதவு வாயிலின் நீளத்தையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முற்றாக முடித்த பின்னரே மறுபக்கத்திற் கை வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் கதவை மாட்டி மூடிப் பார்க்க வேண்டும். நாம் ஆரம்பத்திற் கண்ட நண்பர் இவற்றைச் செய்திருப்பாராயின், ஒரு துண்டு இரும்புச் சட்டம் அவருடைய ஒரு வருட உழைப்பைக் காப்பாற்றியிருக்கும்.

விலை உயர்ந்த உருக்கு வேண்டுமா?

கைவேலைக்காரரிடையே ஒரு மயக்கம் உண்டு. விலை உயர்ந்த, மிக வலிய உருக்கை வாங்கிச் சட்டம் செய்தால் வண்டி மிக விறைப்பாகும் என்று எண்ணுகின்றனர். வலிமை வேறு, விறைப்பு வேறு. கயிறு வலியது, ஒரு மாட்டையே கட்டி வைக்கும், ஆனால் அதற்கு விறைப்பு இல்லை. முறியாமை வலிமை, வளையாமை விறைப்பு. சாதாரண உருக்கும் சரி, விலை உயர்ந்த உருக்கும் சரி, விறைப்பிலே ஏறக்குறைய ஒன்றே. அலுமினியம் உருக்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்கே.

ஆகவே, விறைப்பைக் கூட்டும் வழி விலையில் இல்லை, வடிவத்தில் உண்டு. குழாயின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை இரு மடங்காக்கினால் நிறை இரு மடங்காகும். முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்போ எட்டு மடங்காகும். ஒரு சிறிய பெரிய குழாய்க் கணக்கு, ஒரு மாதச் சம்பளத்து உருக்கினும் மேலானது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. எவ்வளவு உறுதியான சட்டமும் அது பூட்டப்பட்ட இடத்தளவே உறுதி உடையது. மெல்லிய தகட்டிலே ஒரு துளை போட்டு ஒரு புரியாணியால் இறுக்கினால், பாரம் வரும்போது தகடு வளைந்து கொடுக்கும். சட்டம் சும்மா இருக்கும். பெரிய வலுத்தகடு ஒன்றைப் பின்னே வைத்து, பல புரியாணிகளால், இரண்டு மூன்று தகடுகள் சந்திக்கும் கெட்டியான மூலையிற் பூட்டவேண்டும். அதற்கு மாறாக, மிகக் கெட்டியான சட்டத்தைப் பலவீனமான இடத்திலே முடித்தால், வளைவு முழுவதும் அம்முடிவிடத்திலே குவிந்து, அங்கே வெடிப்பு உண்டாகும். நோயை நீக்கவில்லை, இடம் மாற்றியதுதான் மிச்சம்.

அளக்காமல் நம்பாதே

சட்டம் பூட்டியவர் எவரைக் கேட்டாலும், “வண்டி இப்போது கல்லைப்போல் இருக்கின்றது” என்பார். தாம் செலவிட்ட பணத்தையும் உழைப்பையும் மனம் எளிதில் வீண் என்று ஒப்புக்கொள்ளாது. ஆதலின் அளவுகோலைக் கேட்பதே நல்லது.

வழி இதுதான். விற்சுருள்களின் இடையூறு இல்லாதபடி, உடலின் பின்பாகத்தை இரு பக்கமும் அசையாத தாங்கிகளில் அமர்த்துவர். முன்பாகத்தை, நடுவிலே ஒரே ஒரு ஆதாரத்தின்மேல் தராசுபோல நிற்கும் குறுக்கு வளையில் அமர்த்துவர். அவ்வளையின் நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் 50 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால், வண்டியின்மேல் ஏறக்குறைய 490 நியூட்டன் மீற்றர் முறுக்கம் விழும். பின்பாகம் அசையாது நிற்க, முன்பாகத்தில் 1,200 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளில் ஒன்று 1 மில்லிமீற்றர் தாழ்ந்து மற்றது 1 மில்லிமீற்றர் உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வண்டி முறுகிய கோணம் ஒரு பாகையில் பத்திலொரு பங்கிலும் சற்றுக் குறைவு. கணக்கிட்டால், ஒரு பாகைக்கு ஏறக்குறைய 5,100 நியூட்டன் மீற்றர் என்பது விடை. சட்டம் பூட்டிய பின்னர் அதே பாரத்துக்கு மொத்த அசைவு 2 மில்லிமீற்றரிலிருந்து 1.6 மில்லிமீற்றராகக் குறைந்தால், விறைப்பு 6,400 ஆகும்; அதாவது காற்பங்கு கூடிற்று. அசைவு குறையவே இல்லையானால், பூட்டிய சட்டம் வெறும் பாரம். அதனைக் கழற்றி எறிய மனத்துணிவும் வேண்டும். இவை விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. எனினும், இக்காலக் கூரையுள்ள கார்கள் பல ஒரு பாகைக்கு 20,000 நியூட்டன் மீற்றருக்கும் மேற்பட்ட விறைப்புடையவை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொழிற்சாலைகளே சிலவேளை வேறு உபாயத்தை நாடியதுண்டு. 1960களில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட சில திறந்த கார்களின் மூலைகளில், உருளைகளுக்குள்ளே விற்சுருளின்மேல் ஆடும் பாரக்கட்டிகளை வைத்தனர். உடல் ஒரு திசையில் நடுங்க, கட்டி எதிர்த்திசையில் ஆடி நடுக்கத்தைத் தணிக்கும். முறுக்கம் குறையவில்லை, அதன் நடுக்கம் மாத்திரமே மறைந்தது. எனினும் அதுவும் ஒரு கெட்டித்தனமே.

உயிர் பெரிது

கடைசியாக, விளையாட்டல்லாத விஷயம். உருக்கி ஒட்டும் வேலையைப் பெற்றோல் தாங்கியும் பெற்றோல் குழாயும் அருகிருக்கச் செய்தல் கூடாது. பற்றரியின் இணைப்பை முதலிலே கழற்றவேண்டும். ‘ஜக்’கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே படுப்பது, தூங்கும் யானையின் கீழே படுப்பதற்குச் சமம், உறுதியான தாங்கிகள் இன்றித் தலையைக் கீழே கொடுக்க வேண்டாம். பிறேக் எண்ணெய் செல்லும் குழாயின்மேல் சட்டம் உராய்ந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தலைக்கு அருகே வரும் குழாய்களும், ஆசனப் பட்டி பொருத்தும் இடங்களும் வீட்டுக் கைவேலைக்கு உரியன அல்ல. அவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே விடவேண்டும். விறைப்புக்காகப் பூட்டிய சட்டம் வேறு, வண்டி குடைசாயும்போது தலையைக் காக்கும் வளைவு வேறு. ஒன்றை மற்றதென்று எண்ணி ஏமாறுதல் கூடாது.

பிரித்தானியாவிலே 1960ஆம் ஆண்டு பழைய வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டு முதல், நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு அப்பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எம்.ஜி.பி. கார்கள் யாவும் இப்போது நாற்பதைக் கடந்தவை. சோதிக்க வருபவர் இல்லை என்பது சொந்தக்காரருக்குச் சலுகைபோலத் தோன்றும். உண்மையில் அது சுமை. கதவடியிலே மறைந்திருக்கும் கறளை இனி அவரே தேடிக் காணவேண்டும். வர்ணத்தைப் பூசி அதனை மூடினால், ஏமாறுவது பரிசோதகரல்லர், பக்கத்து இருக்கையில் அமரும் மனைவியும் மகனுமே.

கூரை போனால் பலம் போகுமா என்று கேட்டோம். போகும், ஆனால் போன பலம் எந்த வழியாகப் போயிற்று என்று அறிந்தவர் அதிற் பெரும்பங்கை மீட்டுக்கொள்ளலாம். அறியாதவர் இரும்பைத்தான் சேர்ப்பார். அடுத்த ஞாயிறு வருமுன்னர் வீட்டிலே ஒரு சப்பாத்துப் பெட்டி அகப்பட்டால், பிள்ளைகள் அதனை முறுக்கிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் ஒரேயொரு மட்டைத் துண்டை ஒட்டினால் பெட்டி மிகுந்த உறுதி பெறுகின்றது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையை நாம் சொல்லப்போவதில்லை, பெட்டியே சொல்லும்.